சக்கரம் ஏன் ஆடுகிறது?

மாணவர்களே! அங்காடியில் பொருள்களை ஏற்றித் தள்ளிச் செல்லும் சிறுவண்டியைப் பார்த்திருப்பீர்கள். மெதுவாகத் தள்ளும்போது அமைதியாக உருளும் அதன் முன்சக்கரம், சற்று வேகமாகத் தள்ளியதும் இடமும் வலமுமாகப் படபடவென்று ஆடத் தொடங்கும். வேகத்தைக் குறைத்தால் ஆட்டம் அடங்கிவிடும். இதே ஆட்டம் மனிதர் அமர்ந்து செல்லும் ஜீப்பில் ஏற்பட்டால் என்ன ஆகும்?

இமயமலை அடிவாரத்தில் நான் பணிபுரியும் ஊரில் ஜீப்புகள் மிகுதி. கரடுமுரடான பாதையில் அடிப்பாகம் பாறையில் இடிக்காமல் இருப்பதற்காகச் சிலர் நீளமான ஸ்பிரிங்குகளைப் பொருத்தி வண்டியை உயர்த்துகின்றனர். பெரிய டயர்களையும் மாட்டுகின்றனர். எங்கள் அண்டை வீட்டார் ஒருவரும் அவ்வாறே செய்தார். வண்டி 3 அங்குலம் உயர்ந்தது. 29 அங்குல விட்டமுடைய டயர்களுக்குப் பதிலாக 33 அங்குல டயர்கள் வந்தன. சில வாரங்களுக்குப் பின், ஒரு பாலத்தின் இணைப்பில் வண்டி ஏறி இறங்கியபோது ஸ்டீயரிங் கைகளை உதறும் அளவுக்கு நடுங்கியது. வண்டியை ஏறக்குறைய நிறுத்திய பின்னரே நடுக்கம் நின்றது. அவருடைய பிள்ளைகள் இருவரும் அப்போது பின்னிருக்கையில் இருந்தனர்.

சக்கரம் நேராக ஓடுவது எவ்வாறு?

மிதிவண்டியின் முன்பகுதியைக் கவனியுங்கள். கைப்பிடியையும் முன்சக்கரத்தையும் இணைக்கும் தண்டு செங்குத்தாக இல்லை. அதன் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்துள்ளது. அத்தண்டை ஒரு கோடாக நிலம் வரை நீட்டினால், அக்கோடு தொடும் இடத்திற்குச் சற்றுப் பின்னால்தான் டயர் நிலத்தைத் தொடும். ஆகவே, கயிற்றில் கட்டி இழுக்கப்படும் பொருளைப் போலச் சக்கரம் தானாகவே நேராகிறது. ஜீப்பின் முன்சக்கரங்களும் இத்தகைய சாய்ந்த கோட்டைச் சுற்றியே திரும்புகின்றன. இச்சாய்வுக்குக் காஸ்டர் கோணம் என்று பெயர்.

அங்காடி வண்டியின் சக்கரமும் இழுபட்டே ஓடுகிறது. எனினும் அதன் இணைப்பு தளர்ந்திருப்பதால், நேராக முயலும் ஒவ்வொரு முறையும் அது எல்லை தாண்டி மறுபக்கம் செல்கிறது. எனவே சக்கரம் நிலையாக ஓட இரண்டு வேண்டும்: ஒன்று, சரியான சாய்வு, மற்றொன்று, தளர்வற்ற இணைப்பு.

உயர்த்தினால் என்ன மாறுகிறது?

பல ஜீப்புகளில் முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே உறுதியான அச்சு இணைக்கிறது. வண்டியை உயர்த்தும்போது, அந்த அச்சைப் பிடித்திருக்கும் தண்டுகள் கீழ்நோக்கிச் சாய்கின்றன. அதனால் அச்சு சற்றே உருண்டு, காஸ்டர் கோணம் குறைகிறது. பெரிய டயரோ எடை மிகுந்தது. அது ஆடும்போது இணைப்புகளின் மீது முன்னினும் அதிக விசை விழுகிறது. நேற்றுவரை தொல்லை தராத சிறு தேய்மானம் இன்று பெருந்தொல்லை ஆகிறது.

குறியை அறிதல்

எல்லா ஆட்டமும் ஒன்றன்று. நேரான சாலையில் வண்டி இருபுறமும் அலைந்தால் காஸ்டர் குறைவு, காற்றழுத்தக் குறைவு, இணைப்புத் தேய்மானம் ஆகியவற்றை ஐயுற வேண்டும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் மெல்லிய அதிர்வு தோன்றினால், சக்கரத்தின் எடைச் சமநிலையைச் சோதிக்க வேண்டும். மேடுபள்ளத்தில் ஏறியதும் கடும் நடுக்கம் தொடங்கி, வேகம் குறையும் வரை நீடித்தால், ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்துள்ளது என்றே முதலில் கருத வேண்டும்.

சோதனை எளியதிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் டயர்களின் காற்றழுத்தம். மணலிலும் சேற்றிலும் செல்லக் காற்றைக் குறைத்தவர்கள் மீண்டும் நிரப்ப மறந்துவிடுவது உண்டு. அடுத்து எடைச் சமநிலை. பின்னர், நிற்கும் வண்டியில் ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதளவு அசைக்க, மற்றொருவர் ஒவ்வோர் இணைப்பையும் உற்றுநோக்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பேரிங், பந்து மூட்டு ஆகியவற்றின் தளர்வு தெரியும். கோணங்களைக் கருவியால் அளப்பது இறுதிப் படி. இவையெல்லாம் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய பணிகள்.

மறைப்பது மருந்தாகுமா?

அண்டை வீட்டார் முதலில் சென்ற பட்டறையில், நடுக்கத்தை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பரை மட்டும் புதிதாக மாற்றினர். இரண்டு வாரம் வண்டி அமைதியாக ஓடியது; பிறகு நடுக்கம் திரும்பியது. வேறொரு முதிய மெக்கானிக், கருவியைத் தொடும் முன்னர், "எந்த வேகத்தில் நடுங்கியது? எப்போது நின்றது?" என்று கேட்டார். அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குத் தண்டின் போல்ட் துளை தேய்ந்து நீள்வட்டமாகி இருந்ததை அவரே கண்டார். காஸ்டர் கோணமும் குறைந்திருந்தது. டேம்பர் நோயைத் தீர்க்கவில்லை. அதன் குறியை மட்டும் மறைத்தது.

இன்னொன்றும் அவர் சொன்னார். 33 அங்குல டயர் ஒரு சுற்றில் முன்னதைவிட ஏறக்குறைய 14 விழுக்காடு அதிகத் தொலைவு செல்லும். முன்பு சரியாகக் காட்டிய வேகமானி இப்போது 80 என்று காட்டினால், உண்மை வேகம் சுமார் 91 கிலோமீட்டர் ஆகும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதனை வலியுறுத்தியது. அண்டை வீட்டார் தேய்ந்த பகுதியைச் சரிசெய்ததோடு, பழைய அளவு ஸ்பிரிங்குகளையும் டயர்களையுமே மீண்டும் பொருத்தினார். இப்போது அவ்வண்டி பாலத்தைக் கடக்கும்போது பிள்ளைகள் அஞ்சுவதில்லை.

பயிற்சி

1. காஸ்டர் கோணம் என்றால் என்ன? மிதிவண்டியைக் கொண்டு விளக்குக.
2. டேம்பரை மாற்றியும் நடுக்கம் திரும்பியது ஏன்?
3. உங்கள் வீட்டில் பழுதான ஒரு பொருளின் குறியையும் காரணத்தையும் ஐந்து தொடர்களில் எழுதுக.