பொதுக் களத்திலும் பள்ளியிலும் புகையிலை விலக்கு
கிராமத்தார் செய்துகொள்ளத்தக்க ஓர் ஏற்பாடு

அறுவடைக் காலத்தில் பொதுக் களத்திற்குச் செல்வோர் யாவரும் கண்டிருக்கும் காட்சி ஒன்று உண்டு. ஒருபுறம் கதிர்க்கட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும்; மறுபுறம் வைக்கோற்போர் உயர்ந்து நிற்கும்; இரண்டிற்கும் இடையே ஆட்கள் இளைப்பாற அமர்ந்து பீடி பற்றவைப்பர். அணைந்துவிட்டதாக எண்ணி எறியப்படும் துண்டினுள் நெருப்பு கனன்றுகொண்டேயிருக்கும். சிறிது காற்று வீசினால் போதும். பல மாத உழைப்பு ஒரு நாழிகையில் சாம்பலாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் செயல்விளக்கப் பணிக்குச் சென்றிருந்த ஓர் ஊரில் இவ்விதமே ஒரு போர் எரிந்துபோயிற்று. நெல் தப்பியது. ஆனால் அக்கோடை முழுவதும் மூன்று குடும்பங்களின் மாடுகளுக்குத் தீவனம் இல்லை. அவர்களில் இருவர் தம் கறவைகளை வந்த விலைக்கு விற்றனர். எறியப்பட்ட பீடி யாருடையது என்பது இன்றுவரை தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் போன மாடுகள் மீண்டிரா. பொது இடத்தில் ஒருவர் செய்யும் பிழைக்கு வேறொருவர் விலை கொடுக்க நேரிடுகிறது. ஆதலின், இவ்விஷயத்தைத் தனி மனிதரின் பழக்கமென்று விட்டுவிடாமல், ஊரின் பொதுக் காரியமாகக் கொள்ளல் வேண்டும்.

தீமைகள்

நெருப்பின் அபாயம் கண்ணுக்குத் தெரிவது. கண்ணுக்குப் புலப்படாத தீமைகளும் உள.

முதலாவது, பிறர் விடும் புகை. புகையிலைப் புகையில் 7,000-க்கு மேற்பட்ட இரசாயனப் பொருட்கள் உள்ளன. அவற்றுள் ஏறக்குறைய 70 புற்றுநோயை உண்டாக்கவல்லவை. உலகில் புகையிலையால் ஆண்டுதோறும் இறப்போர் 70 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். இவர்களில் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தாம் புகைக்காமல், பிறர் விட்ட புகையைச் சுவாசித்தவர்கள். கொள்முதல் நிலையத்தின் கொட்டகையில் நெல்லை வைத்துக்கொண்டு முறைக்காகக் காத்திருக்கும் பெண்களும், தாயின் மடியிலுள்ள குழந்தையும் இவ்வகையைச் சேர்ந்தவரே.

இரண்டாவது, பயிருக்கு நேரும் கேடு. புகையிலைத் தேமல் நோயை உண்டாக்கும் நச்சுயிரி, பதப்படுத்தி உலர்த்திய புகையிலையிலும் ஆண்டுக்கணக்கில் அழியாதிருக்கும் இயல்புடையது. பீடியையோ மெல்லும் புகையிலையையோ தொட்ட கையால் தக்காளி, மிளகாய் நாற்றுகளைப் பறித்து நட்டால், நாற்றில் ஏற்படும் சிறு காயங்களின் வழியாக அது உட்புகும். பின்னர் இலைகளில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் கலந்த திட்டுகள் தோன்றும், செடி குன்றும், காய்ப்புக் குறையும். நோய் கண்ட செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. நாற்றங்காலில் வேலை தொடங்குமுன் சவர்க்காரமிட்டுக் கைகளை நன்கு கழுவுதலும், வேலை முடியும்வரை புகையிலையைத் தொடாதிருத்தலுமே பாதுகாப்பு.

மூன்றாவது, சிறுவர் கற்றுக்கொள்ளும் பழக்கம். முன்னாளில் நம் உழவர் புகையிலைக் கஷாயம் காய்ச்சி அசுவினிப் பூச்சியைக் கொல்லத் தெளித்தனர். பூச்சியைக் கொன்ற அந்த நஞ்சு நிகோட்டின் என்பது. மனிதரைப் பழக்கத்திற்கு அடிமையாக்குவதும் அதுவே. பெரியவர்கள் களத்திலும் பள்ளித் திண்ணையிலும் புகைப்பதைப் பார்த்து வளரும் பிள்ளை, அது ஆண்மகனுக்கு உரிய வழக்கமென்றே எண்ணிக்கொள்கிறான்.

சட்டம் கூறுவது

நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டில் சிகரெட்டு முதலிய புகையிலைப் பொருட்களைப் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் அமைந்த விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் அமலுக்கு வந்தன. அவற்றின்படி, பொது அலுவலகங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள், நூலகங்கள், வேலைத்தலங்கள், பொது வாகனங்கள் முதலியவற்றில் புகைத்தல் குற்றமாகும். 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வாயிலில் 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவுக்குக் குறையாத அறிவிப்புப் பலகை இருத்தல் வேண்டும். சாம்பற் கிண்ணம், தீப்பெட்டி போன்றவற்றை அங்கு வைத்தலாகாது. பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு விற்பதும், கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜ தூரத்திற்குள் விற்பதும் தடுக்கப்பட்டுள்ளன. ஆகையால், 'கடைக்குப் போய் ஒரு கட்டு பீடி வாங்கி வா' என்று சிறுவனை ஏவும் வழக்கம், கடைக்காரரைக் குற்றத்தில் சிக்கவைப்பதாகும்.

ஆயினும் இச்சட்டம் திறந்த வெளியைப் பொதுவாக விலக்கி வைத்துள்ளது. பேருந்து நிலையம், விளையாட்டு அரங்கம் போன்ற மக்கள் கூடும் இடங்கள் அவ்விலக்கில் அடங்கா என்று விதிகள் கூறினும், பொதுக் களத்தைப் பற்றி ஐயம் எழக்கூடும். அன்றியும், 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொது இடத் தடை புகைத்தலைப் பற்றியதே. மெல்லும் புகையிலையை அது தடுக்காது. இக்குறையை ஊர்க் கட்டுப்பாட்டினாலேயே நிரப்புதல் கூடும். நாகாலாந்தில் கோஹிமா மாவட்டத்திலுள்ள கரிஃபேமா என்னும் சிற்றூர் 2014-ஆம் ஆண்டில் புகையிலையற்ற கிராமமாக அறிவிக்கப்பட்டது. அங்கு அது நிறைவேறியது ஊரார் ஒருமனப்பட்டதனாலேயே ஆகும்.

செய்யவேண்டிய முறை

1. முதலில் இடங்களைக் குறித்துக்கொள்க: பள்ளி, அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகம், கூட்டுறவுக் கிடங்கு, கொள்முதல் நிலையம், பொதுக் களம், பொது நாற்றங்கால். எல்லை இன்னதென்று தெளிவாயிருத்தல் அவசியம். களத்தின் எல்லையைச் சுண்ணாம்புக் கோட்டால் காட்டலாம்.

2. கிராம சபையில் விஷயத்தை வைத்துத் தீர்மானம் செய்க. நிலமுடையோர் மட்டுமன்றி, கூலியாட்கள், பெண்கள், கடைக்காரர் ஆகியோரின் சொல்லையும் கேட்டல் வேண்டும். அவர்களைக் கேளாமல் இயற்றிய கட்டுப்பாடு அறுவடை முதல் நாளன்றே மீறப்படும்.

3. புகைத்தல், மெல்லுதல், துப்புதல் மூன்றையும் தீர்மானத்தில் சேர்க்க.

4. ஒவ்வோர் இடத்திற்கும் பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, முறையீடு செய்யவேண்டியவரின் பெயரைப் பலகையில் எழுதுக.

5. களத்தில் தண்ணீர்த் தொட்டியும் மணல் வாளிகளும் எப்போதும் இருக்கட்டும். நாற்றங்காலின் அருகே தண்ணீரும் சவர்க்காரமும் வைக்க.

6. ஊரார் தாமே அபராதம் வசூலித்தல் முறையன்று. அவ்வதிகாரம் விதிகளில் குறிக்கப்பட்ட அதிகாரிகளுக்கே உரியது. முதல் முறை அமைதியாகச் சொல்லுதலும், மறுமுறை வெளியேறும்படி கேட்டலும், மூன்றாம் முறை உரிய அதிகாரிக்குத் தெரிவித்தலுமே தக்க வழி.

சில ஆட்சேபங்கள்

'நாங்கள் புகையிலை பயிரிட்டே பிழைக்கிறோம். எங்கள் ஊரிலா இது?' என்று சிலர் கேட்கின்றனர். இவ்வேற்பாடு பயிரிடுவதைத் தடுப்பதன்று. பூச்சிமருந்தை விற்பவரும் அதைச் சமையலறையில் வைப்பதில்லை. தவிர, ஈரமான புகையிலை இலையைப் பறிக்கும்போது நிகோட்டின் தோலின் வழியே உடலில் ஏறி, தலைசுற்றலும் வாந்தியும் உண்டாவதை அவ்வூர்களில் இலை பறிப்போர் நன்கு அறிவர்.

'ஆட்கள் வேலைக்கு வரமாட்டார்' என்பது மற்றோர் அச்சம். எல்லைக்கு வெளியே, போருக்கும் கூரைக்கும் எட்டாத தூரத்தில், காற்று களத்தை நோக்கி வீசாத பக்கமாக ஓரிடம் விட்டால் இத்தொல்லை நேராது. ஆனால் இவ்விதி ஆளுக்கு ஒன்று, மிராசுதாரருக்கு ஒன்று என இருத்தலாகாது. வரப்பின்மேல் நின்று சுருட்டுப் புகைத்துக்கொண்டே ஆளைக் கண்டிப்பவரின் சொல்லை எவரும் மதியார்.

பழக்கத்தை அறவே விட விரும்புவோரை ஏளனம் செய்தல் தகாது. முதற் சில நாட்களில் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை நேரும். பின்னர் அவை தணியும். புகையிலைக்குப் பதிலாக வெறும் பாக்கை மெல்லலாம் என்பதும் தவறு; பாக்கும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாவது. ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடலாம்; 1800-11-2356 என்ற தேசிய எண்ணில் கட்டணமின்றி ஆலோசனையும் பெறலாம்.

அடுத்த அறுவடைக்குக் களம் மெழுகுமுன் இத்தீர்மானம் நிறைவேறிவிடுதல் நலம். பலகை எழுதவும், வாளியில் மணல் நிரப்பவும் ஆகும் செலவு சொற்பம். எரிந்த போர் ஒன்றின் விலையோ அதனினும் பன்மடங்கு. ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் தம் அலுவலகத்தின் வாயிலிலேயே இதனைத் தொடங்குவார்களாயின், களத்திலும் பள்ளியிலும் பிறர் பின்பற்றத் தயங்கார்.