அணையும் மடையும்: மின்பந்தயத்துள் மகிழுந்து நிறுவனங்கள்



மொழியியல் பயின்ற ஒருவன் மகிழுந்துப் பந்தயத்தைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்னும் ஐயம் உங்களுக்கு எழுதல் இயல்பே. அதற்குக் காரணம் ஒரு வாக்கியம். அம்பாங்கில் என் வீட்டருகே வாழும் இடைநிலைப்பள்ளி மாணவி ஒருத்தி, தமிழ்ப் பேச்சுப் போட்டிக்காகத் தான் எழுதிய உரையைத் திருத்தித் தருமாறு கேட்டாள். பார்முலா ஒன் பந்தயத்தின் 2026ஆம் ஆண்டு விதிகளைப் பற்றியது அவ்வுரை. 'புதிய மகிழுந்தின் மின்கலத்தில் 350 கிலோவாட் ஆற்றல் சேமிக்கப்படும்' என்று அதில் ஒரு வாக்கியம் இருந்தது. எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை. நானும் சரியெனக் குறியிட்டுத் தந்துவிட்டேன். மறுநாள், தமிழறிந்த அவளுடைய இயற்பியல் ஆசிரியர் அவ்வாக்கியத்தைச் சிவப்பு மையால் சுழித்திருந்தார். பிழை பொருளில் இருந்தது. 'திறன்' நிற்க வேண்டிய இடத்தில் 'ஆற்றல்' நின்றது. வாழ்நாள் முழுவதும் சொற்களோடு பழகிய என் கண்ணுக்கு அது புலப்படவில்லை.

அத்தவற்றைத் திருத்திக்கொள்ள முயன்றபோதுதான் மின்பந்தயம் இன்னதென்பதும், பெரும் மகிழுந்து நிறுவனங்கள் அதனுள் புகுவதும் விலகுவதும் எதனால் என்பதும் எனக்கு விளங்கத் தொடங்கின. அவ்விளக்கத்தையே இங்கு முன்வைக்கிறேன்.

1. அணையும் மடையும்

நம் ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். அம்பாங் என்னும் பெயர், நீரைத் தேக்கும் அணையைக் குறிக்கும் 'எம்பாங்' என்னும் மலாய்ச் சொல்லோடு தொடர்புடையது. ஈயச் சுரங்கம் தோண்டியோர் கட்டிய அணையே ஊருக்குப் பெயராயிற்று என்பர். அணைக்குள் எவ்வளவு நீர் நிற்கிறது என்பது ஒரு கேள்வி. மடையைத் திறந்தால் நொடிக்கு எவ்வளவு நீர் பாய்கிறது என்பது வேறொரு கேள்வி. முன்னது ஆற்றல், பின்னது திறன்.

வீட்டு மின்கட்டணச் சீட்டில் காணும் கிலோவாட்-மணி என்பது ஆற்றலின் அளவு. மின்கேத்தலின் அடியில் பொறித்திருக்கும் வாட் என்பது திறனின் அளவு. மலாய் மொழியில் முன்னதைத் 'தெனாகா' என்றும் பின்னதைக் 'குவாசா' என்றும் நம் மாணவர்கள் பிரித்தே பயில்கின்றனர். தமிழிலோ, ஆற்றல், திறன் ஆகிய இரண்டும் அன்றாட வழக்கில் 'செய்யவல்ல தன்மை' என்னும் ஒரே பொருளைத் தருவன. அறிவியல் அவற்றை வெவ்வேறு பொருளுக்கு உரிமையாக்கியது. வழக்கு அந்தப் பிரிவை இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. நாளிதழ்களிலும் இவை மயங்குவதை நீங்கள் காணலாம்.

இந்த மயக்கத்தால் நேரும் இழப்பு சிறிதன்று. 2014ஆம் ஆண்டில் தொடங்கிய பார்முலா இ என்னும் மின்பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். முதல் தலைமுறை மகிழுந்தின் மின்கலத்தில் பயன்படுத்தத்தக்க ஆற்றல் 28 கிலோவாட்-மணி. பந்தயத்தின்போது அனுமதிக்கப்பட்ட திறன் 150 கிலோவாட். 28ஐ 150ஆல் வகுத்து நிமிடமாக்கினால் ஏறத்தாழ 11 நிமிடம் வரும். அதாவது, மடையை முழுதும் திறந்துவிட்டால் அணை 11 நிமிடத்தில் வற்றிவிடும். பந்தயமோ ஒரு மணி நேரத்தை நெருங்கும். ஆகவேதான் அக்காலத்தில் ஓட்டுநர் ஒவ்வொருவரும் நடுவழியில் நிறுத்தி, முழுதும் மின்னேற்றிய மற்றொரு மகிழுந்துக்கு மாறினர். அவ்வாறு மாறியும் முழுத் திறனில் ஓட்ட இயலாது. எங்கே விரைவது, எங்கே விசையைத் தளர்த்துவது என்னும் சிக்கனமே வெற்றியைத் தீர்மானித்தது.

இங்கே மூன்றாவது கருத்தொன்று புகுகிறது. ஓடும் வண்டியைப் பழைய முறையில் நிறுத்தும்போது அதன் இயக்க ஆற்றல் உராய்வால் வெப்பமாகி வீணாகும். மின்வண்டியிலோ மின்னோடியையே மின்னாக்கியாக மாற்றி, அவ்வாற்றலின் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பலாம். பாய்ந்த நீரில் ஒரு பங்கை மீண்டும் அணைக்கு ஏற்றுவது போன்றது இது. இதனை 'மீளாக்கத் தடுப்பு' எனலாம். மின்தொடர்வண்டிகளில் இது நெடுநாளாக வழங்கும் முறை. 2023ஆம் ஆண்டு முதல் ஓடிய மூன்றாம் தலைமுறைப் பார்முலா இ மகிழுந்தில் முன் அச்சிலும் பின் அச்சிலுமாக 600 கிலோவாட் வரை இவ்வாறு மீட்க வழி செய்யப்பட்டது. அது வெளியிடும் உச்சத் திறன் 350 கிலோவாட் மட்டுமே. மடை விடுவதைக் காட்டிலும் மீட்கும் வழி அகலமானது! பந்தயத்தில் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காடு இவ்வாறு மீட்கப்படுவதே என்பது அமைப்பாளர் கூற்று.

எரிபொருளை எரிப்பதில் நிகழ்ந்த போட்டி, ஆற்றலைக் காப்பதில் நிகழும் போட்டியாக மாறிற்று.

2. நம் அண்டையில் நிகழ்ந்த இரு தொடக்கங்கள்

இம்மாற்றம் எங்கோ தொலைவில் நிகழ்ந்ததன்று. பார்முலா ஒன் பந்தயம் மின்னோடியும் எரிபொறியும் இணைந்த இன்றைய கலப்பு உந்துமுறைக்கு மாறிய ஆண்டு 2014. அம்முறையின் இரண்டாம் பந்தயம் அவ்வாண்டு மார்ச் 30 அன்று செப்பாங்கில் நடைபெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் பெய்ஜிங்கில் பார்முலா இ தொடங்கியது. அதன் இரண்டாம் பந்தயம் நவம்பர் 22 அன்று புத்ராஜெயாவின் தெருக்களில் நடைபெற்றது. இருவகைப் புதுமைகளின் இரண்டாம் அடியும் ஒரே ஆண்டில், அம்பாங்கிலிருந்து ஒரு நாளில் சென்று மீளத்தக்க தொலைவிலேயே பதிந்தது.

அவ்விரண்டும் இன்று இங்கு இல்லை. புத்ராஜெயாவில் 2015ஆம் ஆண்டு நவம்பரில் இரண்டாம் முறையாக நடந்த பந்தயமே அங்கு இறுதியாயிற்று. 1999ஆம் ஆண்டு முதல் செப்பாங்கில் நடந்துவந்த பார்முலா ஒன் பந்தயமும் 2017ஆம் ஆண்டு அக்டோபரோடு நின்றது. பந்தயத்தைக் காணும் வாய்ப்பு நம்மை விட்டு நீங்கிய காலத்தில்தான் பந்தயத்தின் இயல்பு பெரிதும் மாறியது. இன்றைய மாணவர் அதனைப் படித்தே அறிய வேண்டும். அதனால்தான் சொல் தெளிவாக இருக்க வேண்டியது முன்னினும் இன்றியமையாததாகிறது.

3. வருவது ஏன்? விலகுவது ஏன்?

பார்முலா இ-இன் முதற்பருவத்தில் எல்லா அணிகளும் ஒரே வகை மகிழுந்தையே ஓட்டின. 2015ஆம் ஆண்டில் தொடங்கிய இரண்டாம் பருவத்தில் மின்னோடி, மின்கலத்தின் நேர்மின்னோட்டத்தை மின்னோடிக்கு ஏற்ப மாற்றும் இன்வெர்ட்டர், பற்சக்கரப் பெட்டி ஆகியவற்றைத் தாமே வடிவமைக்கும் உரிமை நிறுவனங்களுக்குக் கிட்டியது. அதன் பின் பெரும் பெயர்கள் வரிசையாக வந்தன. 2016இல் ஜாகுவார் வந்தது, ஔடியும் பி.எம்.டபிள்யூ.வும் தொழிற்சாலை அணிகளாகவே இறங்கின. நிசானும் அவற்றோடு சேர்ந்தது. 2019இல் மெர்சிடிசும் போர்ஷேயும் வந்தன.

வந்த விரைவிலேயே சில வெளியேறின. ஔடியும் பி.எம்.டபிள்யூ.வும் 2021ஆம் ஆண்டுப் பருவத்தோடு விலகின. அடுத்தடுத்து இருமுறை வாகை சூடிய மெர்சிடிஸ் 2022இல் விலகியது. பந்தயத்திலிருந்து சாலை மகிழுந்துக்குக் கொண்டுசெல்லத்தக்க தொழில்நுட்பத்தைத் தாங்கள் ஏறக்குறைய முழுதும் பெற்றுவிட்டதாக பி.எம்.டபிள்யூ. அறிவித்தது. இதனைப் புரிந்துகொள்ள ஒரு செய்தியை மறவாமை வேண்டும்: பார்முலா இ-இல் மின்கலம் அனைவருக்கும் பொது. செலவைக் கட்டுப்படுத்த அவ்வாறு விதித்தனர். ஆனால் மின்மகிழுந்தின் விலையையும் அது ஓடும் தொலைவையும் பெரிதும் தீர்மானிப்பது மின்கலமே. மடையைச் செதுக்க உரிமை உண்டு. அணையைக் கட்ட உரிமை இல்லை. மடையில் கற்க வேண்டியதைக் கற்றபின் சிலர்க்கு அங்கே வேலையில்லாது போயிற்று.

இனிப் பார்முலா ஒன் பக்கம் நோக்குவோம். 2026ஆம் ஆண்டு விதிகள் மின்னோடியின் திறனை 120 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட்டுக்கு உயர்த்தின. மொத்தத் திறனில் பாதியை நெருங்கும் பங்கு மின்சாரத்துக்கு உரியதாயிற்று. எரிபொருளும் நிலத்தடி எண்ணெயிலிருந்து எடுக்கப்படாததாக இருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. இவ்விதிகளை முன்னிட்டே ஔடி, சௌபர் அணியைத் தனதாக்கிக்கொண்டு நுழைந்தது. போர்டு நிறுவனம் ரெட் புல் அணியோடு கைகோத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் கேடிலாக் பெயரில் பதினோராம் அணியாக இடம்பெற்றது. எதிர்த்திசையில், ரெனோ தன் பந்தயப் பொறித் திட்டத்தை 2025ஆம் ஆண்டோடு முடித்துக்கொண்டது.

இவற்றுள் மாணவர் கருதத்தக்கது ஹோண்டாவின் வரலாறு. கரிம உமிழ்வற்ற நிலையை நோக்கி உழைப்பைத் திருப்ப வேண்டும் என்று கூறி, 2021ஆம் ஆண்டோடு பார்முலா ஒன்னிலிருந்து விலகுவதாக அந்நிறுவனம் 2020இல் அறிவித்தது. 2023இலோ, புதிய விதிகள் அதே நோக்கத்தோடு பொருந்துகின்றன என்று கூறி, 2026இல் ஆஸ்டன் மார்ட்டின் அணியோடு திரும்பி வருவதாக அறிவித்தது. விலகியதற்கும் திரும்பியதற்கும் சொன்ன காரணம் ஒன்றே. இடையில் மாறியது விதி. நிறுவனம் பந்தயத்தை விரும்பி மட்டும் வருவதில்லை. தான் நாளை விற்க எண்ணும் பொருளை இன்று செய்துபார்க்க விதி இடந்தந்தால் வருகிறது, தராவிடில் நீங்குகிறது.

4. மகிந்திராவும் சென்னையும்

தமிழ் மாணவர்க்கு நெருக்கமான சான்று ஒன்றுண்டு. பார்முலா இ-இன் தொடக்க அணிகள் பத்தனுள் ஒன்று இந்தியாவின் மகிந்திரா. பெங்களூரில் மின்மகிழுந்து செய்துவந்த ரேவா நிறுவனத்தை 2010இல் வாங்கியிருந்த மகிந்திராவுக்கு, மின்பந்தயம் இயல்பான அடுத்த படியாக அமைந்தது. முதற்பருவத்தில் அதன் ஓட்டுநர் இருவருள் ஒருவர் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக். பெய்ஜிங்கில் நடந்த முதற்பந்தயத்திலேயே அவர் ஐந்தாம் இடம் பெற்றார். அணியின் முதல் வெற்றி 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெர்லினில் பெலிக்ஸ் ரோசன்குவிஸ்டால் கிட்டியது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஐதராபாத் நகரம் இந்தியாவின் முதல் பார்முலா இ பந்தயத்தை நடத்தியது.

அணியின் பணிமனை இங்கிலாந்தில் இருப்பினும், மகிந்திராவின் சாலை மகிழுந்துகளுக்கான பெரிய ஆய்வுக்கூடம் செங்கல்பட்டுக்கு அருகே இருக்கிறது. 2024ஆம் ஆண்டு நவம்பரில் தன் புதிய மின்மகிழுந்துகளை அந்நிறுவனம் அறிமுகப்படுத்திய இடமும் சென்னையே. ஜாகுவாரும் 2008ஆம் ஆண்டு முதல் டாட்டா குழுமத்துக்கு உரியது. அவ்வணி 2024இல் அணிகளுக்கான வாகையைச் சூடியது. தமிழ் பேசும் பொறியாளர்கள் பணிபுரியும் துறையாக இது ஆகிவிட்டது. அத்துறையைத் தமிழில் எண்ணவும் பேசவும் இயலவேண்டும் என்பது மிகையான வேட்கை ஆகாது.

5. பெயரும் பொருளும்

1997 முதல் 2005 வரை சௌபர் அணியின் பொறிகள் 'பெட்ரோனாஸ்' என்னும் பெயரோடு ஓடின. நம் நாட்டின் பெயர் உலகக் களத்தில் ஒலித்ததில் நாம் பெருமை கொண்டோம். ஆயினும் அப்பொறிகள் பெராரி நிறுவனத்திலிருந்து பெறப்பட்டவை. பெயரிட்டவர் ஒருவர், படைத்தவர் மற்றொருவர். இதில் மறைவு ஒன்றும் இல்லை. வணிகத்தில் இது முறையானதே. எனினும், பெயரை மட்டும் படிப்பவர் பொருளைத் தவறவிடுவர் என்பதற்கு இது நல்ல சான்று. அதே சௌபர் அணியைப் பின்னர் தனதாக்கிய ஔடி, பொறியைத் தானே செய்ய முற்பட்டது என்பதையும் உடன்வைத்து நோக்குக.

ஆதலின், ஒரு நிறுவனம் பந்தயத்துக்கு வருகிறது என்னும் செய்தியை வகுப்பில் படிக்கும்போது மூன்று கேள்விகளை மாணவர் எழுப்ப வேண்டும். அந்நிறுவனம் தானே செய்வது எது? எல்லோர்க்கும் பொதுவாகப் பெறுவது எது? அங்குக் கற்றதில் சாலைக்கு வரக்கூடியது எது? இம்மூன்றுக்கும் விடை காண ஆற்றல், திறன், மீளாக்கம் என்னும் சொற்கள் மயங்காது நிற்றல் வேண்டும்.

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கலைச்சொல்லைப் பட்டியலாக மனனம் செய்விப்பதை விட, கணக்கோடு சேர்த்துக் கற்பியுங்கள். 2026ஆம் ஆண்டு விதிப்படி பார்முலா ஒன் மின்கலத்தில் ஒரு வேளையில் பயன்படுத்தத்தக்க ஆற்றல் 4 மெகாஜூல். அதை 350 கிலோவாட்டால் வகுக்கச் சொல்லுங்கள். விடை ஏறத்தாழ 11 நொடி. அத்துணைச் சிறிய அணை, அத்துணை அகன்ற மடை! சுற்றுதோறும் அது வடிந்தும் நிரம்பியும் வர வேண்டும் என்பதை உணர்ந்த மாணவர் ஆற்றலையும் திறனையும் பின்னொருகால் மயக்கமாட்டார். மொழியாசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் ஒரே பலகையின் முன் நின்று கற்பிக்கத்தக்க பாடம் இது. நான் தனித்து நின்றதால்தான் தவறினேன்.

அம்மாணவி தன் வாக்கியத்தைத் தானே திருத்தி எழுதினாள். அது பின்வருமாறு: 'புதிய மகிழுந்தின் மின்னோடி 350 கிலோவாட் திறன் உடையது, அதன் மின்கலம் ஒரு வேளையில் தரும் ஆற்றல் 4 மெகாஜூல் மட்டுமே, ஆகவே சேமிப்பவரே வெல்வர்.'