மழைக்காலத்தில் வழுக்காத பள்ளி வளாகம்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. விடுமுறை விடும் அளவுக்குப் பெய்யாத தூறல் நாள்களிலும் மாணவர்கள் வழுக்கி விழக்கூடும். மின்கசிவையும் பழுதடைந்த சுவரையும் கவனிக்கும் நாம், ஈரத் தரையைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால், கை எலும்பு முறிந்த குழந்தைக்கு எழுத்துப் பயிற்சி பல வாரங்கள் தடைபடும்.

ஏன் வழுக்குகிறது?

உராய்வு இருப்பதால்தான் நடக்க முடிகிறது என்று அறிவியல் வகுப்பில் கற்பிக்கிறோம். காலுக்கும் தரைக்கும் இடையே நீர்ப்படலம் புகுந்தால் உராய்வு குறைகிறது. டைல்ஸ் பதித்த தாழ்வாரத்தில் அது மேலும் குறையும். வெயில் படாமல் ஈரம் தங்கும் இடங்களில் பாசி படர்ந்துவிட்டால், சொரசொரப்பான சிமெண்ட் தரையும் வழுக்கும்.

எங்கே கவனிக்க வேண்டும்?

குடிநீர்க் குழாயடி, கைகழுவும் இடம், கழிப்பறை வாசல், கூரைநீர் சொட்டும் படிகள் ஆகியவை முதன்மையானவை. சாய்தளத்தைப் பலரும் மறந்துவிடுகிறோம். ஊன்றுகோலுடனோ காலிபர் அணிந்தோ வரும் மாணவருக்குப் பாசி படர்ந்த சாய்தளம் படியைவிட ஆபத்தானது.

என்ன செய்யலாம்?

1. மழை தொடங்குமுன் பாசியைச் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி, சற்று நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவச் செய்யலாம். இதை மாணவர் இல்லாத நேரத்தில், பெரியவர்களே செய்ய வேண்டும். பிளீச்சிங் பவுடருடன் ஆசிட்டை ஒருபோதும் கலக்கக் கூடாது; நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும்.
2. வகுப்பறை வாசலில் சாக்கு விரிக்கும்போது அது நழுவாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். நனைந்த சாக்கை மாற்ற வேண்டும்.
3. குடைகளை வகுப்பறைக்கு வெளியே, நடைவழியில் நீர் வடியாத இடத்தில் வைக்கச் சொல்லலாம்.
4. மழைநாளில் இடைவேளைக்கும் உணவு வேளைக்கும் வகுப்பு வகுப்பாக அனுப்பினால் நெரிசலும் ஓட்டமும் குறையும்.
5. அடிப்பகுதி தேய்ந்த செருப்பு அணிந்துவரும் குழந்தையைத் தண்டிக்காமல், பெற்றோரிடம் தனியே எடுத்துச் சொல்லலாம்.
6. உடைந்த படி, ஒழுகும் குழாய் போன்றவற்றைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதிவு செய்யலாம்.

விழுந்துவிட்டால்…

உடனே கையைப் பிடித்துத் தூக்கிவிடக் கூடாது. எங்கே வலிக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். கை வீங்கினாலோ வளைந்து தெரிந்தாலோ எண்ணெய் தேய்த்து நீவக் கூடாது. இருக்கும் நிலையிலேயே, மரஅளவுகோலையோ மடித்த செய்தித்தாளையோ அணையாக வைத்துத் துணியால் மிக இறுக்காமல், அசையாதவாறு கட்டி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

தலையில் அடிபட்ட குழந்தை எழுந்து சிரித்தாலும் கவனம் தேவை. வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கம் ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கழுத்திலோ முதுகிலோ வலி என்றால் அசைக்காமல் ஆம்புலன்சுக்குக் காத்திருக்க வேண்டும். அறிகுறி எதுவும் இல்லையென்றாலும், அன்று மாலையே பெற்றோருக்குத் தெரிவிப்பது கட்டாயம். சில அறிகுறிகள் வீட்டுக்குப் போன பின்னரே தோன்றக்கூடும்.