தீக்குத் தப்பும் காரீயம்

புளிக்குழம்பை அடுப்பிலேயே மறந்துவிட்டால் என்ன ஆகும்? சுண்டிச் சுண்டிப் பாதியாகும். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். யாரும் கூடுதலாக உப்புப் போடவில்லை. தண்ணீர் ஆவியாகிவிட்டது, உப்பு நின்றுவிட்டது. மருத்துவக் கழிவை எரிக்கும் உலையில் நடப்பதும் இதுதான்.

1. சுண்டுதல்

மருத்துவமனையில் எரிக்க வேண்டிய கழிவைப் போடும் மஞ்சள் பை எரியுலைக்குப் போகிறது. முதல் அறையில் சுமார் 800 டிகிரி செல்சியஸ். புகை எரியும் இரண்டாம் அறையில் சுமார் 1,050 டிகிரி. இந்தச் சூட்டில் கிருமிகள் சாகும். பஞ்சும் துணியும் திசுவும் எரிந்துபோகும். காரீயம், காட்மியம், குரோமியம் ஆகியவையோ தனிமங்கள். எந்த நெருப்பும் தனிமத்தை அழிக்காது. பிளாஸ்டிக்கின் நிறமிகளிலும் ஊசியின் எஃகிலும் சிதறிக் கிடந்தவை மிஞ்சிய சாம்பலிலும் புகையில் பிடிபடும் நுண்சாம்பலிலும் திரள்கின்றன. பாதரசம் மட்டும் பெரும்பாலும் ஆவியாகிப் புகையோடு போகும்.

கூடவே பிவிசி குழாய் எரிந்தால், அதன் குளோரின் உலோகங்களோடு சேர்ந்து குளோரைடாகிறது. காட்மியம் குளோரைடு உப்பைப் போலவே தண்ணீரில் எளிதில் கரையும்.

2. டிக்காஷன் இறங்குதல்

காபி ஃபில்டரில் மேலே ஊற்றுவது வெறும் வெந்நீர். கீழே சொட்டுவது டிக்காஷன். திறந்த வெளியில் கொட்டிய சாம்பல்தான் காபித்தூள், மழைதான் நீர். தூள் நைசாக இருந்தால் டிக்காஷன் கெட்டியாக இறங்குமல்லவா? அதனாலும் புகையில் பிடிபடும் நுண்சாம்பல் அதிக ஆபத்தானது. ஆனால், டிக்காஷனுக்கு நிறமும் மணமும் உண்டு. நீரில் கரைந்த காரீயத்துக்கு இரண்டும் இல்லை. கிணற்று நீரைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

3. புளி சேருதல்

வெள்ளீயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் நம் பாட்டிகள் புளிக்குழம்பு வைக்கமாட்டார்கள். புளிப்பு உலோகத்தைக் கரைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அழுகும் குப்பையிலும் அமிலம் ஊறுகிறது. சாம்பலை அதோடு கலந்து கொட்டினால் உலோகம் இன்னும் கரையும்.

ஆய்வகச் சோதனையும் இதையே செய்துபார்க்கிறது. 100 கிராம் சாம்பலை, வினிகரில் உள்ள அதே அசெட்டிக் அமிலம் கலந்த 2 லிட்டர் நீரில் இட்டு, சுமார் 18 மணி நேரம் சுழற்றுகிறார்கள். வடிந்த நீரில் லிட்டருக்குக் காரீயம் 5 மில்லிகிராமையோ காட்மியம் 1 மில்லிகிராமையோ எட்டினால் அந்தச் சாம்பல் அபாயக் கழிவு.

4. பூட்டி வைத்தல்

அப்படிப்பட்ட சாம்பலைச் சிமென்டோடு பிசைந்து இறுகவைத்து, அடியில் நீர் இறங்காத விரிப்பிட்ட பாதுகாப்பான குழியில் புதைக்க வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுக்கான அத்தகைய குழி உள்ளது.

குழம்பில் கரைந்த உப்பைத் திரும்ப எடுக்க முடியாது. போடும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். ஆகவே வார்டில் பணியாற்றும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுகோள்: குழாயும் கையுறையும் சிவப்புப் பைக்கு, ஊசி வெள்ளைப் பெட்டிக்கு. பாதரசத் தெர்மாமீட்டரும் பேட்டரியும் மஞ்சள் பைக்குள் ஒருபோதும் போகக் கூடாது. சாம்பலிலும் புகையிலும் சேரும் நஞ்சின் அளவு அங்கேதான், உங்கள் கையில்தான் தீர்மானமாகிறது.