தேனீக்கு மணி பார்க்கத் தெரியுமா?

சுவிட்சர்லாந்து நாட்டில் அகஸ்ட் போரல் என்று ஒரு டாக்டர் இருந்தார். கோடைக் காலத்தில் அவர் குடும்பத்தார் தாழ்வாரத்தில் அமர்ந்து காலைப் பலகாரம் சாப்பிடுவார்கள். மேஜை மீது பழ ஜாம் இருக்கும். அதை ருசி பார்க்கத் தேனீக்கள் வரும்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. குடும்பத்தார் வீட்டுக்குள்ளேயே சாப்பிட்டார்கள். வெளியே மேஜை மீது ஜாம் இல்லை. அப்படியும் தேனீக்கள் அதே வேளைக்கு வந்து மேஜையைச் சுற்றின! இது 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது.

தேனீக்கு நேரம் தெரிந்தது எப்படி? சூரியனைப் பார்த்தா? அல்லது அதன் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறதா?

விமானப் பயணம்

இதை அறிய 1955-ம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி மாக்ஸ் ரென்னர் ஒரு சோதனை செய்தார். பாரீஸ் நகரில், வெயில் நுழையாத அறையில் தேனீக்களை வைத்தார். அங்கே விளக்கு எப்போதும் எரிந்தது. தினமும் குறித்த நேரத்தில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பழக்கினார்.

பிறகு அவற்றை விமானத்தில் நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். அங்கும் அதே மாதிரி அறை. பாரீசை விட நியூயார்க் நேரம் சுமார் 5 மணி பிந்தியது. தேனீக்கள் எந்த ஊர் நேரப்படி வரும்?

கடைசியாகச் சாப்பிட்டு 24 மணி நேரம் ஆனதும் தேனீக்கள் வந்துவிட்டன. பாரீஸ் நேரம்தான்! கடல் தாண்டியும் கடிகாரம் மாறவில்லை.

எலியின் மூளையில்

எலி பெரும்பாலும் இரவில்தான் தண்ணீர் குடிக்கும். அதன் மூளையில் அரிசி மணியை விடச் சிறிய ஓர் இடம் உண்டு. 1972-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் அந்த இடத்தை அழித்துப் பார்த்தார்கள். எலிகள் இரவு, பகல் பாராமல் தண்ணீர் குடித்தன. கடிகாரம் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது!

ஆனால், 1979-ம் ஆண்டில் மற்றோர் ஆச்சரியம். அந்த இடத்தை இழந்த எலிகளுக்குத் தினமும் ஒரே வேளையில் தீனி வைத்தார்கள். வேளை நெருங்கும் முன்பே அவை பரபரப்பாகக் காத்திருந்தன! சாப்பாட்டுக்கென்று தனிக் கடிகாரமே உண்டு என்று தெரிந்தது.

தாகம் இல்லாத தண்ணீர்

தூங்கப் போகும் முன் சுண்டெலி, தாகம் இல்லாமலே தண்ணீர் குடிக்கிறது. மூளைக் கடிகாரம்தான் அப்படிக் குடிக்கத் தூண்டுகிறது என்று கனடா நாட்டு மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2016-ம் ஆண்டில் கண்டார்கள். அந்த நேரத்தில் தண்ணீர் கொடுக்காவிட்டால், தூங்கி எழுவதற்குள் அதன் உடம்பில் நீர் குறைந்துவிடுகிறது.

பூ மூடிய பிறகு போகும் தேனீக்குத் தேன் கிடைக்காது. தூக்கத்தில் தாகம் எடுத்தால் சுண்டெலியால் குடிக்க முடியாது. அதனால்தான், பசியும் தாகமும் வரும் முன்பே உடம்புக்குள் மணி அடிக்கிறது!