கையை விலக்கி அளப்பது: கியூ கோலைச் சோதிக்கும் இயந்திரம்

பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் ஆகிய ஆட்டங்களில் வெள்ளைப் பந்தை அடிக்கப் பயன்படும் கியூ கோலின் தரத்தை ஆட்டக்காரரின் கையை நம்பி அளக்க முடியாது. தேர்ந்தவரும் ஒரே அடியை இருமுறை பிசகாமல் அடிப்பது அரிது என்பதோடு, பழகிய கோலின் குறையை அவரது கை தன்னையறியாமலே சரிசெய்துவிடும். எனவே கியூ சோதனை இயந்திரம் ஒன்றை உருவாக்க முனையும் பொறியியல் மாணவர்கள் முதலில் விலக்க வேண்டியது இந்தக் கையைத்தான்.

அவர்கள் அளக்க விரும்பும் பண்புகளுள் தலையாயது 'ஸ்குவர்ட்' எனப்படும் விலகல். பந்தை நடுவில் அடிக்காமல் ஒரு பக்கமாக அடித்தால் அது சுழல்வதோடு, கோல் நீட்டிய திசையிலிருந்து எதிர்ப்பக்கமாகச் சற்றே விலகியும் செல்கிறது. இவ்விலகல் 2 டிகிரியே என்றாலும், 1 மீட்டர் தொலைவில் பந்து ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும். பூல் பந்தின் விட்டமே 57 மில்லிமீட்டர்தான் என்பதால், குறி தவற இது தாராளமாகப் போதும்.

பில்லியர்ட்ஸ் பந்துகளின் இயக்கத்தைப் பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ் 1835-லேயே கணித நூலாக எழுதிவிட்டார் எனினும், விலகலின் காரணத்தை அதிவேகக் கேமராவும் சோதனை இயந்திரமுமே தெளிவாகக் காட்டின. கோலின் தோல் முனை பந்தைத் தொட்டிருப்பது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. அதற்குள் பக்கவாட்டு அசைவு கோலின் முன்பகுதியில் சிறிது தூரமே பரவுவதால், அந்தச் சிறு பகுதியின் நிறைதான் பந்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அமெரிக்காவின் பிரிடேட்டர் நிறுவனம் 1990-களில் 'அயர்ன் வில்லி' என்ற இயந்திரத்தைக் கொண்டு கோல்களைச் சோதித்து, முனையருகே உள்ளீடற்ற கோலை உருவாக்கியது இந்த அறிவின் பயனே.

மாணவர்கள் உருவாக்கும் இயந்திரத்தில் அடிக்கும் விசைக்கு ஊசல் எளிய வழி: 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடப்படும் ஊசல் தன் மிகத் தாழ்ந்த புள்ளியில் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகம் பெறும் என்பதால், உயரத்தை மாற்றாதவரை வேகமும் மாறாது. உண்மையான கடினம் கோலைப் பிடிப்பதில்தான் இருக்கிறது. இரும்புப் பிடியால் முனைக்கு அருகே இறுக்கிவிட்டால் பிடியின் நிறையும் கோலோடு சேர்ந்து விலகலைப் பெருக்கிவிடும். ஆகவே பின்பகுதியை ரப்பர் பட்டைகளால் மென்மையாகப் பற்றி, முன்பகுதியை வழுக்கும் தாங்கியில் தளர்வாக விடுவதே முறையாகும். ஒவ்வோர் அடிக்கு முன்னும் தோல் முனைக்குச் சாக் தேய்த்தாக வேண்டும். பந்தின் ஆரத்தில் பாதிக்கு அப்பால் அடித்தால் சாக் இருந்தும் முனை வழுக்கிவிடும். கோல் சற்றே சாய்ந்திருந்தாலும் பந்து துணியின்மேல் வளைந்தோடும் என்பதால், விலகலைப் பந்து ஓடத் தொடங்கிய சிறிது தூரத்திற்குள் அளந்துவிடுவது நல்லது.

இயந்திரம் நம்பத்தக்கதா என்பதை அறிய ஒரே கோலால் பலமுறை அடித்து, விலகல்களின் சிதறலைப் பார்க்க வேண்டும். இரு கோல்களுக்கிடையிலான வேறுபாட்டைவிட அச்சிதறல் பெரிதாக இருந்தால் அளவீட்டுக்குப் பொருளே இல்லை. அதன்பின் அதே கோலின் முனையருகே சில கிராம் எடையை ஒட்டி மீண்டும் அடித்து, விலகல் கூடுவதை இயந்திரம் காட்டுகிறதா எனப் பார்த்த பிறகே, புதிய கோல்களை அதில் பொருத்துவது தகும்.