பகல் தூக்கத்துக்கு மதிப்பெண்

பெங்களூரின் அல்சூர் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறவர் எல்லோரும் நோயாளி அல்ல. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவராக இருக்கலாம். ஆனால் எட்டு மணி நேரம் படுத்து எழுந்தும் பகலில் கண் சொருகுகிறது, இரவெல்லாம் குறட்டை, நடுநடுவே மூச்சுத் திணறல் என்றால் ஸ்லீப் ஆப்னியாவைச் சந்தேகிக்க வேண்டும். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப் பாதை அடைபடுகிறது. பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. ஆக்சிஜன் குறைந்ததும் மூளை உடலைத் தட்டியெழுப்பி மூச்சை மீட்கிறது. இது இரவு முழுக்கத் திரும்பத் திரும்ப நடந்தாலும் காலையில் பெரும்பாலும் நினைவிருக்காது.

மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது, குறைந்தது என்பதை இரவுப் பரிசோதனை எண்ணிவிடும். 30ஐத் தொட்டால் நோய் கடுமை. ஆனால் பகல் தூக்கம் அந்த எண்ணுக்குக் கட்டுப்படுவதில்லை. கடுமையான நோயுள்ள ஒருவர் சுறுசுறுப்பாக நடமாடுவார். லேசான நோயுள்ளவர் சாப்பிட்ட தட்டின் முன்னாலேயே தூங்கி வழிவார். அதனால்தான் தூக்கத்தைத் தனியே அளக்க வேண்டியிருக்கிறது.

மெல்போர்ன் எப்வொர்த் மருத்துவமனையின் மருத்துவர் மரே ஜான்ஸ் 1991இல் இதற்கு ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பின், போக்குவரத்தில் கார் சில நிமிடம் நிற்கும்போது என்று எட்டுச் சூழல்கள். ஒவ்வொன்றிலும் கண் அசரும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய தூக்கம். சோர்வாக இருக்கிறதா என்று அது கேட்பதில்லை, தூங்கிவிடுவீர்களா என்றே கேட்கிறது. அதன் நுட்பம் அதுதான். அண்மையில் காரில் போகாதவரும், போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்து எழுத வேண்டும்.

பதில் சொல்பவரை நம்பியிருப்பதுதான் இதன் குறை. பல வருடம் அரைத் தூக்கத்தில் வாழ்ந்தவருக்கு அதுவே இயல்பாகத் தோன்றும். வேலை போய்விடுமோ என்று அஞ்சும் டிரைவர் குறைத்தே எழுதுவார். அவர்களை ஆய்வகத்தில் சோதிக்கலாம். தலையில் மின்முனைகள் பொருத்தி, மங்கலான அறையில் உட்காரவைத்து, 40 நிமிடம் விழித்திருக்கச் சொல்வார்கள். இரண்டு மணி நேர இடைவெளியில் நான்கு முறை. சராசரியாக எட்டு நிமிடத்துக்குள் தூங்கிவிட்டால் அது இயல்பல்ல.

ஓசூர் ரோட்டு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தூக்கத்தை ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். அல்சூர்க்காரர்களுக்கு அது தொலைவில்லை. மருத்துவரிடம் போகும்போது மனைவியையோ கணவரையோ கூட்டிப்போங்கள், உங்கள் இரவை அறிந்தவர் அவர்தான். மதிப்பெண் பத்தைத் தாண்டியிருந்தால், சிகிச்சை பலித்துத் தூக்கக் கலக்கம் தீரும்வரை வண்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.